தென்னைக்கு மானியம் இருக்குது, எங்க வீட்டுக் குழாய்க்கு மட்டும் எதுக்கு இல்ல?

தோட்டத்துல தென்னைக்குச் சொட்டுநீர் போடறேன்னு போனா மானியம் குடுக்கறாங்க. வீட்டுல தண்ணி மிச்சம் புடிக்கற குழாயும் பிளஷ் டேங்க்கும் மாத்தியிருக்கறேன், அதுக்கு ஏதாச்சும் சலுகை உண்டுங்களான்னு கேட்டா சிரிக்கறாங்க. போன செவ்வாய்க்கெழமை ஒரு ஆபீசுல எனக்கு நடந்தது இதுதான். எந்த ஆபீசுன்னு சொல்ல மாட்டேன். "ஏனுங்கம்மா, கக்கூசுக்கெல்லாமா கவர்மெண்டு காசு குடுக்கும்?"னு ஒருத்தர் கேட்டாரு. பக்கத்துல இருந்த நாலு பேரும் சேந்து சிரிச்சாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் கொதிச்சுப் போச்சு. கக்கூசு கட்டறதுக்குத் தூய்மை இந்தியா திட்டத்துல வீட்டுக்குப் 12,000 ரூபாய் குடுத்தது கவர்மெண்டு இல்லாம வேற யாருங்க? கட்டறதுக்குக் காசு குடுக்கலாமாம், அதுல ஊத்தற தண்ணியைக் கொறைக்கறதுக்குக் குடுக்கக் கூடாதாமா?

எங்கூரு திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் நடுவால இருக்குது. இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு ரெண்டு தண்ணி. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வரும், அதுவும் ராத்திரி எத்தனை மணிக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. வந்தா எந்திரிச்சுக் குடம், அண்டா, ட்ரம்மு அத்தனையும் ரொப்பி வெச்சுக்கோணும். மத்தது பூராவும் போர்த் தண்ணிதான். எங்க அப்பாரு காலத்துல அறுபதடிக் கெணத்துல எட்டிப் பாத்தா தண்ணி தெரியும். நாங்க வீடு கட்டறப்ப 1,050 அடி ஓட்டினோம். சித்திரை பொறந்தா அதுலயும் காத்துத்தான் வருது. அப்பறம் லாரிக்காரருக்குப் போன் பண்ணி, இன்னிக்கு வாங்க நாளைக்கு வாங்கன்னு கெஞ்சிக்கிட்டு நிக்கோணும். 6,000 லிட்டர் லோடு போன வருசம் 900 ரூபாய். இந்த வருசம் 1,100.

அதனாலதான் மார்கழியில நானே ஒரு பக்கெட்டும் போன்ல இருக்கற கடிகாரமும் வெச்சு அளந்து பாத்தேன். சமையல்கட்டுக் குழாயை முழுசாத் தொறந்தா நிமிசத்துக்குப் 12 லிட்டர் கொட்டுது. ஒரு தட்டம் கழுவறதுக்குள்ள பாதி பக்கெட் போயிருது. கக்கூசுல இருந்த பழைய டேங்க் ஒருக்கா அமுத்தினா 10 லிட்டர். வீட்டுல அஞ்சு பேரு. ஆளுக்கு நாளைக்கு அஞ்சு தடவைன்னு வெச்சாலும் 250 லிட்டர் சாக்கடைக்குப் போகுது. ரெண்டு பட்டன் இருக்கற டேங்க்குல பெருசு 6 லிட்டர், சின்னது 3 லிட்டர். ஆளுக்குப் பெருசு ஒண்ணு, சின்னது நாலுன்னு கணக்குப் போட்டா 90 லிட்டர்ல முடிஞ்சுரும். நாளைக்கு 160 லிட்டர் மிச்சம், மாசத்துக்கு 4,800 லிட்டர். ஒரு லாரி லோடுல முக்காவாசிக்கு மேல!

மாத்தினோம். ரெண்டு டேங்க், ஒரு ஷவர், நாலு குழாய்க்கு ஏரேட்டர் (தண்ணியைக் கொறைச்சு விடறதுக்குக் குழாய் வாயில மாட்டற ஜல்லடை), ரெண்டு புதுக் குழாய். பில்லு 14,750 ரூபாய். அதுல ஜிஎஸ்டி மட்டும் 2,250. பதினெட்டு சதம்! சொட்டுநீர்ச் சாமானுக்கு 12 சதமா இருந்ததை 2025 செப்டம்பர்ல 5 சதமாக் கொறைச்சாங்க. ரொம்ப நல்லது, அதை நான் ஒரு வார்த்தை குத்தம் சொல்ல மாட்டேன். அதே தண்ணியை வீட்டுக்குள்ள மிச்சம் புடிக்கற சாமானுக்கு மட்டும் எதுக்குங்க பதினெட்டு? மானியம் குடுக்காட்டிப் போகுது, எங்கிட்ட இருந்து புடுங்காம இருக்கலாமல்ல?

எங்கண்ணன் பொங்கலூர்ப் பக்கம் மூணு ஏக்கர் தென்னை வெச்சிருக்கறாரு. அஞ்சு ஏக்கர் வரைக்கும் இருக்கற சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு 100 சதம் மானியம். மத்தவங்களுக்கு 75 சதம். அண்ணன் அடங்கலும் சிட்டாவும் குடுத்தாரு, வந்து போட்டோ புடிச்சாங்க, கம்பெனிக்காரங்க வந்து பைப்பு ஓட்டிக் குடுத்துட்டுப் போனாங்க. அந்த மானியம் இல்லீன்னா அந்தத் தென்னை எப்பவோ காஞ்சு வெறகாயிருக்கும். பாய்ச்சல் தண்ணி விட்டுக்கிட்டு இருந்த எங்க சனம் இன்னிக்குக் குழாய் போட்டுச் சொட்டுச் சொட்டா விடறாங்கன்னா காரணம் அந்த மானியம்தான். புத்திமதி சொல்லி ஒருத்தரும் மாறலீங்க. காசு குடுத்தாங்க, மாறினாங்க. இது அந்த ஆபீசுல உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாதா? அவங்க கையில இருக்கற கோப்புதானே?

வெளியூர்ல வீட்டுக்கும் இதைத்தான் பண்ணியிருக்கறாங்க. நியூயார்க்குல 1994-ல இருந்து 1997 வரைக்கும் பழைய டாய்லெட்டைக் கழட்டிட்டுத் தண்ணி கம்மியா இழுக்கறதைப் போட்டா மொதல் டாய்லெட்டுக்கு 240 டாலர் வரைக்கும் திருப்பிக் குடுத்தாங்க. 13 லட்சம் டாய்லெட்டுக்கு மேல மாறுச்சு. தருமத்துக்குக் குடுக்கலீங்க. புதுசாத் தண்ணி கொண்டு வர்றதை விட, இருக்கற தண்ணியை மிச்சம் புடிக்கறதுக்குக் காசு குடுக்கறது அவங்களுக்குக் கொறைச்சலாத் தெரிஞ்சுது. சிங்கப்பூர்ல எங்க சின்னம்மா மவ அடுக்குமாடியில குடியிருக்கறா. 2024-ல அவங்க மாதிரி அரசு அடுக்குமாடி வீட்டுக்காரங்களுக்கு 300 வெள்ளிக்கு வவுச்சர் குடுத்தாங்க. கரண்டும் தண்ணியும் கம்மியாச் செலவாகற சாமான் வாங்கறதுக்கு. அவ ஷவரும் குழாயும் அதுலதான் மாத்தினா. அங்க குழாய் டப்பா மேலயே தண்ணி மிச்சத்துக்கு எத்தனை டிக் மார்க்குன்னு போட்டிருக்கும், பாத்து எடுத்துட்டு வந்துரலாம்.

இங்க நான் கடை கடையா ஏறி எறங்கினேன். ஃபிரிஜ்ஜுல நட்சத்திரம் ஒட்டியிருக்குது, ஏசியில ஒட்டியிருக்குது. குழாய் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாக்கறேன், நிமிசத்துக்கு எத்தனை லிட்டர்னு ஒரு எழுத்து கெடையாது. பளபளப்பு பத்து வருசம் போகாதுன்னு மட்டும் போட்டிருக்குது. தண்ணி கம்மியா வர்றது வேணும்னு கேட்டா கடைக்காரர், "வேகமா வர்றதுதானுங்க்கா எல்லாரும் கேப்பாங்க"ன்னு என்னை ஒரு மாதிரி பாக்கறாரு. 2022-ல மத்திய அரசு தண்ணி கம்மியா விடற குழாய்க்குன்னு பாரத் டேப்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சுது. 40 சதம் வரைக்கும் தண்ணி மிச்சமாகும்னு அறிவிச்சாங்க. அஞ்சு கடையில கேட்டேன், அந்தப் பேரை ஒருத்தரும் கேள்விப்பட்டதில்ல.

பிளம்பர் வந்தாரு. பழைய பிப் காக் குழாய் வாயில மரை இல்லீங்க, ஏரேட்டர் ஏறாது, குழாயவே மாத்தோணும்னாரு. அதுதான் அந்த ரெண்டு புதுக் குழாய். சரின்னு மாத்தினேன். மாட்டி முடிச்சுட்டு, "இந்த ஜல்லடையைக் கழட்டிரட்டுங்களா, வேகம் வராது"ன்னு அவரே கேக்கறாரு! நான் காசு குடுத்து வாங்கினதை அவரே கழட்டறேங்கறாரு. பாவம், அவரைச் சொல்லி என்ன பண்றது, அவருக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?

அதுக்கப்பறம் உப்பு. எங்க போர்த் தண்ணியில ரெண்டு மாசத்துல அந்த ஜல்லடை வெள்ளையாச் சுண்ணாம்பு கட்டிப் போயிருது. மாசத்துக்கு ஒருக்கா நாலையும் கழட்டி, ராத்திரி பூரா வினிகர்ல ஊற வெச்சு, பழைய பல்லு பிரஷ்ஷுல தேச்சு, திரும்ப மாட்டறேன். ஷவர்ல ஒவ்வொரு ஓட்டையாக் குண்டூசி விட்டுக் குத்தி எடுக்கறேன். நகக்கண்ணு எரியுது. இத்தனையும் பண்ணித்தான் நிமிசத்துக்குப் 12 லிட்டரை 4 லிட்டர்ல நிறுத்தி வெச்சிருக்கறேன்.

இத்தனை பண்ணியும் எங்க வீட்டுத் தண்ணி வரி ஒரு ரூபாய் கொறையலை. மீட்டர் இருந்தாத்தானே கொறையறதுக்கு? எங்கூர்ல எல்லாருக்கும் மாசம் ஒரே காசு. எங்க வீதியில ஒரு வீட்டுல மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டு டவுனுக்குப் போயிருவாங்க. மேல் டேங்க் ரொம்பி, ஒரு மணி நேரம் சொவத்துல வழிஞ்சு வீதியில ஓடும். நான் போய்க் கேட் தட்டினா "நம்ம போர்த் தண்ணிதானே"ங்கறாங்க. உங்க போர் 1,000 அடிக்குக் கீழ எந்தத் தண்ணியை இழுக்குது? எங்க போர் இழுக்கற அதே தண்ணியைத்தானே? அத்திக்கடவு அவிநாசித் திட்டத்துக்கு நம்ம சனம் அறுபது வருசம் போராடுச்சு. 1,916 கோடி செலவு பண்ணி, 1.5 டிஎம்சி பவானித் தண்ணியை 1,045 குளங்குட்டைக்குக் கொண்டு வர்ற திட்டம் 2024 ஆகஸ்ட்லதான் தொறந்தாங்க. எங்கப்பா டிவியில அதைப் பாத்துக் கண்ணு தொடச்சாரு. அப்படி வந்து குளத்துல ஊறி மண்ணுக்குள்ள எறங்கற தண்ணியைத்தான் நாம திரும்ப மேல இழுத்துப் பத்துப் பத்து லிட்டராக் கக்கூசுல விட்டுக்கிட்டு இருக்கறோம். வயிறு எரியுதுங்க.

திருப்பூர்ல சாயப்பட்டறைக்கு 2011-ல ஐகோர்ட்டு பூட்டுப் போடச் சொன்னப்ப எத்தனை வீட்டுல அடுப்பெரியலைன்னு எங்களுக்குத் தெரியும். அப்பறம் கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ணித் திரும்ப ஓட்டறதுக்குப் பட்டறைக்காரங்களுக்கு அரசே வட்டியில்லாக் கடன் குடுத்துச்சு. தோட்டத்துக்குக் குடுத்தாச்சு, பட்டறைக்குக் குடுத்தாச்சு. வீடு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுக் குடம் வெக்கற பொம்பளைங்க கேக்க மாட்டாங்கன்னு நெனச்சுட்டாங்களா?

நான் விடறதா இல்ல. திங்கக்கெழமை கலெக்டர் ஆபீசுல குறைதீர் நாள். மனு எழுதி வெச்சிருக்கறேன். நாலே விசயம் கேட்டிருக்கறேன். குழாய், டேங்க் டப்பாவுல எத்தனை லிட்டர்னு கட்டாயம் போடோணும். பழைய 10 லிட்டர் டேங்க்கைக் கழட்டிக் கொண்டு போய்க் குடுத்தாப் புதுசுக்கு ஒரு பகுதிக் காசு திரும்பக் குடுக்கோணும். ஜிஎஸ்டியைக் கொறைக்கச் சொல்லி மேல எழுதோணும். வீட்டுக்கு வீடு மீட்டர் வெச்சு, கம்மியாப் புடிக்கற வீட்டுக்கு வரியைக் கொறைக்கோணும். பக்கெட் வெச்சு அளந்த கணக்கும், கடை பில்லும், லாரி ரசீது ஏழும் நகலெடுத்து மனுவோட பின் பண்ணியிருக்கறேன். வீதியில இது வரைக்கும் பதினோரு பேரு கையெழுத்துப் போட்டிருக்கறாங்க. மோட்டாரை மறந்துட்டுப் போற வீட்டுக்கு இன்னிக்குப் பொழுதோட போறேன்.