குறைந்தபட்ச இருப்பு அபராதம்: "அதிகம்" என்று முறையிடாதீர்கள், விதியைக் காட்டிக் கேளுங்கள்

கணக்கில் பணம் குறைவாக இருக்கிறது என்பதற்காகவே, இருக்கிற பணத்தையும் எடுத்துக்கொள்வது அநியாயம். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. இப்படிப் பிடிக்கப்பட்ட பணத்தில் கணிசமான பகுதியைத் திரும்பக் கேட்டு வாங்க முடியும். ஆனால் கேட்கிற சிலரும் தவறான இடத்தில் தொடங்கி, வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள். அதனால்தான் நீளமானாலும் பரவாயில்லை என்று இதை எழுதுகிறேன்.

முதலில் இது எவ்வளவு பெரிய பணம் என்று பாருங்கள். பாரத ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரலில் இந்த அபராதத்தை மீண்டும் கொண்டுவந்தது. அந்த ஏப்ரல் முதல் நவம்பர் வரை மட்டும் 1,771 கோடி ரூபாய் வசூலானது. அதே ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அந்த வங்கியின் நிகர லாபமே 1,581 கோடிதான். நாடெங்கும் கண்டனம் எழுந்து, 2020 மார்ச்சில் அபராதத்தைக் கைவிட்டார்கள். மற்ற வங்கிகள் கைவிடவில்லை. 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் இப்படி வசூலித்ததாக நாடாளுமன்றத்திலேயே அரசு சொன்னது. 2025இல் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி என்று ஒவ்வொன்றாக இந்த அபராதத்தை நீக்கின. நல்லதுதான். ஆனால் அதுவரை பிடித்ததை யாரும் தேடி வந்து திருப்பித் தரவில்லை. தனியார் வங்கிகள் பலவற்றில் அபராதம் இன்றும் தொடர்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பல வங்கிகள் பார்ப்பது மாதச் சராசரி இருப்பை. சராசரி 2,000 ரூபாய் வேண்டும் என்றால், முப்பது நாள் மாதத்தில் ஒரே ஒரு நாள் 60,000 ரூபாயைப் போட்டு மறுநாள் எடுத்துவிட்டாலும் கணக்கு சரியாகிவிடும். மாதம் முழுவதும் 1,500 ரூபாயை அப்படியே வைத்திருக்கும் மனிதர்தான் அபராதம் கட்டவேண்டும். யாருக்காக இந்த ஏற்பாடு என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். கணவர் காலமான பிறகு மாதம் 1,200 ரூபாய் விதவை உதவித்தொகை வருகிறது. கணக்கு எப்போதோ நகைக்கடன் வாங்கியபோது தொடங்கியது, சாதாரண சேமிப்புக் கணக்கு. "தம்பி, பணம் குறைச்சலாக வருகிறது, தாலுகா ஆபீசில் கேட்டுச் சொல்ல முடியுமா?" என்று பாஸ்புக்கை நீட்டினார். தாலுகா அலுவலகத்தின் மேல் தவறே இல்லை. 1,200 முழுதாக வரவாகியிருந்தது. அதே தேதியில் அதற்குக் கீழே மூன்று வரிகள்: எம்ஏபி சார்ஜ் 118.00, எம்ஏபி சார்ஜ் 118.00, எம்ஏபி சார்ஜ் 118.00. எம்ஏபி என்பது மாதச் சராசரி இருப்பு. நூறு ரூபாய் அபராதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. முந்தைய மாதங்களில் கணக்கில் பிடிக்கப் பணம் இல்லாததால் பாக்கி என்று எழுதிவைத்துக்கொண்டு, உதவித்தொகை வந்து விழுந்த நிமிடமே மொத்தமாக 354 ரூபாயை எடுத்திருக்கிறார்கள். பின்பக்கங்களைப் புரட்டினால் இதே கதை. அந்த அச்செழுத்துகள் என்ன சொல்கின்றன என்று அவருக்கு இத்தனை காலமும் யாரும் படித்துக் காட்டவில்லை.

கிளையில் கேட்டோம். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "சிஸ்டம் தானாக எடுத்துக்கொள்கிறது, எங்கள் கையில் எதுவும் இல்லை" என்றார். நம் ஊரில் பாதிப்பேர் இந்த ஒரு வாக்கியத்தோடு திரும்பிவிடுகிறார்கள். மீதிப்பேர் "இது ரொம்ப அதிகம் சார், பார்த்துச் செய்யுங்கள்" என்று கெஞ்சுகிறார்கள். கெஞ்சுவதால் எந்தப் பயனும் இல்லை. கட்டணம் எவ்வளவு என்பதை வங்கியின் வாரியம் முடிவுசெய்யலாம் என்று ரிசர்வ் வங்கியே விட்டுவைத்திருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்பதும் வங்கிகளின் விருப்பம் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா 2025 ஆகஸ்டில் வெளிப்படையாகச் சொன்னார். தொகையைப் பற்றிச் சண்டையிட்டால் அவர்கள் மைதானத்தில் நின்று சண்டையிடுகிறோம்.

நாம் நிற்க வேண்டிய இடம் வேறு. 2014 நவம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இருப்பு குறைந்துவிட்டால் வங்கி உடனே அபராதம் போடக்கூடாது. குறுஞ்செய்தி, மின்னஞ்சல், கடிதம் என்று ஏதாவது ஒரு வழியில் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இருப்பைச் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம். அபராதமும் குறைகிற தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இந்த அபராதத்தால் மட்டுமே கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இயக்கப்படாமல் கிடக்கும் கணக்கில் இந்த அபராதமே கூடாது என்பது தனி விதி. பாக்கி வைத்து அடுத்த வரவில் பிடிக்கும் பழக்கம், பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற விதியைப் பின்வாசல் வழியாக மீறுவது என்பது என் உறுதியான கருத்து.

அதனால் அக்காவின் பெயரில் எழுதிய கடிதத்தில் வறுமையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்று கேள்விகள் மட்டுமே. ஒவ்வொரு அபராதத்துக்கும் முன்னால் எனக்கு எந்தத் தேதியில், எந்த வழியில், எந்த முகவரிக்கு அல்லது எண்ணுக்கு அறிவிப்பு அனுப்பினீர்கள்? அதன் நகலைத் தாருங்கள். ஒவ்வொரு மாதமும் எவ்வளவு குறைந்தது, அதில் எத்தனை சதவீதம் அபராதம், கணக்கைக் காட்டுங்கள். அறிவிப்பு இல்லாத அபராதங்களை ஜிஎஸ்டியோடு சேர்த்து எப்போது வரவு வைப்பீர்கள்? கூடவே, இந்தக் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தருமாறு ஒரு வரி. குறைந்தபட்ச இருப்பே தேவையில்லாத அந்த வகைக் கணக்கு 2012 முதல் எல்லா வங்கியிலும் உண்டு, ஏற்கெனவே இருக்கும் கணக்கையும் மாற்றிக்கொள்ளலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக்கூடாது என்பது முக்கிய நிபந்தனை. கிளைகள் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம். "விட்டுவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்பார்கள். முத்திரை வாங்காமல் நகரக்கூடாது. தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நடப்பதெல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கிடப்படும்.

முதலில் வந்த பதில் ஒரே வரி: வங்கியின் கட்டண அட்டவணைப்படி பிடிக்கப்பட்டுள்ளது. நாங்கள் கேட்ட மூன்றில் ஒன்றுக்கும் அதில் விடை இல்லை. இருக்கவும் முடியாது. அக்காவின் கணக்கில் செல்பேசி எண்ணே பதிவாகவில்லை, கடிதமும் வந்ததில்லை. பிறகு எந்த அறிவிப்பின் நகலைக் காட்டுவார்கள்? அந்தப் பதிலையும் முத்திரையிட்ட கடிதத்தையும் பாஸ்புக் பக்கங்களையும் சேர்த்து ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி) புகார் பதிவு செய்தோம். சில வாரங்களில் கிளையிலிருந்தே அழைப்பு வந்தது. பிடித்த பணம் திரும்பியது.

ஓம்பட்ஸ்மேன் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இலவசமாகக் கிடைக்கும் நல்ல ஆயுதம் இது. 2021 நவம்பர் 12 அன்று, முன்பு தனித்தனியாக இருந்த திட்டங்களை ஒன்றாக்கினார்கள். சிஎம்எஸ் என்ற ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பதியலாம். இணையம் வராதவர்கள் சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். சந்தேகம் கேட்க 14448 என்ற இலவச எண், தமிழிலும் பேசலாம். வக்கீல் தேவையில்லை, சொல்லப்போனால் வக்கீல் வழியாகப் புகார் கொடுக்கவே முடியாது. ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோதான் இங்கே வரலாம். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் புகாரை அப்படியே மூடிவிடுவார்கள். புகாரை முழுதாகவோ பகுதியாகவோ நிராகரிக்கும் முன் வங்கியின் உள் ஓம்பட்ஸ்மேனுக்கு (புகார்களை மறுபடி பார்க்க வங்கிக்குள்ளேயே இருக்கும் அதிகாரி) அனுப்ப வேண்டும் என்ற விதியும் வங்கிகளுக்கு உண்டு. கடிதத்திலேயே "என் புகாரை உள் ஓம்பட்ஸ்மேன் பார்த்தாரா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி உள்ளே வேலை செய்யும்.

இன்னொன்று. வங்கியின் வணிக முடிவுகளைப் பற்றிய புகாரை ஓம்பட்ஸ்மேன் ஏற்பதில்லை. "நூறு ரூபாய் அதிகம்" என்பது வணிக முடிவைப் பற்றிய புகார். "அறிவிக்காமல் நூறு ரூபாய் எடுத்தார்கள்" என்பது விதிமீறலைப் பற்றிய புகார். முதலாவது குப்பைக்குப் போகும். இரண்டாவதற்கு வங்கி பதில் சொல்லியே ஆகவேண்டும்.

பிரிட்டனில் நடந்ததும் இதைத்தான் காட்டுகிறது. 2006, 2007 வாக்கில் அங்கே கணக்கில் பணம் தீர்ந்து ஒரு பற்று திரும்பினாலே முப்பது பவுண்டுக்கு மேல் பிடித்தார்கள். மக்கள் கொதித்தெழுந்து, சிறு வழக்கு நீதிமன்றங்களில் தாங்களே மனு எழுதிப் போட்டார்கள். இங்கிலாந்தில் அப்போது 5,000 பவுண்டு வரையிலான வழக்குகள் அந்த முறையில் போகும். விசாரணை நாள் நெருங்கியதும் வங்கிகள் ஏராளமான வழக்குகளில் பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொண்டன. பிறகு கட்டணம் நியாயமானதுதானா என்பதே முன்மாதிரி வழக்காக மேலே போனது. 2009 நவம்பர் 25 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்தக் கட்டணம் வங்கிச் சேவைக்கான விலையின் ஒரு பகுதி, எனவே விலை நியாயமானதா என்று நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்கீழ் ஆராய முடியாது என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் வென்றன. அங்கே கட்டுப்பாட்டு அமைப்பு, இருப்புக்கு மேல் பணம் எடுத்தால் பிடிக்கும் நிலையான கட்டணங்களுக்குத் தடை போட 2020 ஏப்ரல் வரை ஆனது. விலையைப் பற்றிய வழக்கு தோற்றது. தனித்தனியாக எழுதிப் போட்டவர்கள் பலர் அதற்கு முன்பே பணத்தை வாங்கிவிட்டார்கள். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

நம்மிடம் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு இணையாக இருப்பது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2020 ஜூலை முதல், நாம் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் அவர்கள்தான் நம் ஊருக்கு வரவேண்டும். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக்கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பது நம் விருப்பம். பிடித்த பணத்தோடு மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் இழப்பீடு கேட்கலாம். இரண்டு ஆண்டுக் காலவரம்பை மறந்துவிடாதீர்கள். ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அதே விஷயத்தை ஓம்பட்ஸ்மேன் எடுக்கமாட்டார், எனவே ஓம்பட்ஸ்மேனில் தொடங்குங்கள். ஆனால் அங்கே காத்திருந்து இரண்டு ஆண்டைத் தொலைத்துவிடாதீர்கள். தாமதமாகும், வாய்தா போடுவார்கள், உண்மைதான். எல்லாருக்கும் நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். தொகை பெரிதாக இருந்தால், அல்லது அபராதத்தால் கணக்கில் பணம் போதாமல் கடன் தவணை திரும்பி, அந்தத் தவணைக்குக் கடன் கொடுத்தவரும் ஓர் அபராதம் போட்டு, சங்கிலியாக நஷ்டம் வந்திருந்தால் கட்டாயம் போக வேண்டும்.

இதே முறை மற்ற பிடித்தங்களுக்கும் பொருந்தும். குறுஞ்செய்திக் கட்டணம் உண்மையில் அனுப்பிய எண்ணிக்கைப்படிதான் இருக்க வேண்டும் என்று 2013 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால் ஐந்து நாளுக்குள் திரும்பவேண்டும், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது 2019 செப்டம்பர் உத்தரவு. அந்த நூறு ரூபாய் வராவிட்டால் கடிதம் எழுதுங்கள்.

"118 ரூபாய்க்காக இத்தனை அலைச்சலா?" என்று கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. நமக்கு 118 ரூபாய். பூக்காரருக்கு அது ஒரு நாள் வியாபாரத்தில் கையில் நிற்கும் காசு. தொகை சிறிதாக இருப்பதால் யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் கோடிகள் சேர்கின்றன. படித்தவர்கள் நம் அம்மாவின் பாஸ்புக்கை, வீட்டு வேலைக்கு வருபவரின் பாஸ்புக்கை, நூறு நாள் வேலைக்குப் போகும் பெரியம்மாவின் பாஸ்புக்கை வாங்கி ஒருமுறை பதிவு போட்டுப் பார்க்கலாம். அறிவிப்புக்கான சான்று தன்னிடம் இல்லாத அபராதத்தை வங்கி தானாகவே திருப்பித் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. அது வரும்வரை ஒவ்வொருவரும் எழுதித்தான் வாங்க வேண்டும்.

பணம் திரும்பி வந்தால் தொகையைக் கூட்டிப் பாருங்கள். அக்காவுக்கு முதலில் நூறு நூறாகத்தான் வரவு வைத்தார்கள், ஜிஎஸ்டியை விட்டுவிட்டார்கள். இன்னொரு கடிதம் எழுதிய பிறகுதான் அந்தப் பதினெட்டு ரூபாய்களும் வந்தன.