உடுப்பை விடுங்கள், வகுப்பைப் பாருங்கள்

2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கத்தில் மதத் தீவிரவாதம் என்ற பேச்சு வந்தாலே அது உடுப்பில் போய் நிற்கிறது. அபாயா, தாடி, தொப்பி என்று ஒரு பக்கம். காவித் துண்டு, கையில் கட்டிய கயிறு என்று மறுபக்கம். இவற்றை வைத்து ஒரு பிள்ளையின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஐந்து வேளை தொழுகிற பிள்ளையையோ, வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற பிள்ளையையோ, ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிற பிள்ளையையோ சந்தேகத்தோடு பார்ப்பது அநியாயம். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டிய இடம் கண்ணில் படாமல் போகிறது. அந்த இடம், பிள்ளைக்கு யார், எங்கே, எப்படிக் கற்பிக்கிறார் என்பது.

மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஏப்ரல் 21 காலை கொல்லப்பட்டவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில், அந்தத் தாக்குதல்களை முன்னின்று நடத்திய சஹ்ரானின் குடும்பத்தார் ஒளிந்திருந்த வீட்டில் அவர்களே குண்டை வெடிக்க வைத்தபோது இறந்த 15 பேரில் 6 பேர் பிள்ளைகள். தன் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குண்டை இயக்குகிற மனம் ஒரே நாளில் உருவாவதில்லை. அது வருடக்கணக்கில் பழக்கப்பட்டு வருகிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தத் தீவிரத்திடம் முதலில் அடி வாங்கியவர்கள் முஸ்லிம்கள். காத்தான்குடியில் சூஃபி வழியினர் 2004இலும் 2006இலும் தாக்கப்பட்டார்கள். 2017 மார்ச் 10இல் அங்கேயே அலியார் சந்தியில் சஹ்ரானின் ஆட்கள் வாளோடு வந்ததும் சூஃபிகளுக்கு எதிராகத்தான். சஹ்ரானைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் முஸ்லிம்களே. தன் சமயத்துக்குள்ளேயே "இவன் வழிகெட்டவன்" என்று பிரிப்பதுதான் எந்தத் தீவிரக் குழுவுக்கும் முதல் பாடம். அடுத்த ஊரான் மீதான வெறுப்பு அதற்குப் பிறகு வருகிறது.

பிள்ளைகளைப் பிடித்து உருவேற்றுவது மட்டக்களப்புக்குத் தெரியாத விஷயமில்லை. படுவான்கரையிலும் வாகரையிலும் விடுதலைப் புலிகள் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைச் சேர்த்தார்கள். 2004 மார்ச்சில் புலிகளிடமிருந்து பிரிந்த கிழக்குத் தளபதி கருணா ஏப்ரலில் தன் படையைக் கலைத்தபோது ஏராளமான பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்; கொஞ்ச நாளில் மீண்டும் பிடிப்பு தொடங்கியது. 2006, 2007இல் கருணா குழுவும் அதையே செய்தது. அங்கே சமயம் இல்லை. ஆனாலும் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்தெடுத்த முறை ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஒரு சமயத்தின் பெயரைச் சொல்லி இதை அந்தப் பக்கத்தார் வியாதி என்று தள்ளிவிட எந்த ஊருக்கும் உரிமையில்லை.

இனி, இந்த உருவேற்றல் வேலை செய்யும் விதம். வயதுக்கு ஏற்றபடி மாறும்.

5 முதல் 8 வயது வரை பிள்ளை பெரியவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளும். வர்ணனையையும் நிஜத்தையும் முழுதாகப் பிரிக்கத் தெரியாத வயது. நரக நெருப்பை விலாவாரியாகச் சொன்னால் அன்றிரவு தூங்காது, விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்ப வரும். சில பிள்ளைகள் வுழூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது) எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுக்கும், தொழுகையைப் பாதியில் விட்டு முதலிலிருந்து தொடங்கும். ஊரில் வஸ்வாஸ் என்பார்கள். இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார் என்கிற இரகசிய வருகையைப் பற்றி அளவுக்கு மீறிக் கேட்ட பிள்ளை, கடைக்குப் போன அம்மா வரப் பிந்தினால் எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்கள், தான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று அழும். "சாமி கண்ணைக் குத்தும்" என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கும் இதே நடுக்கம் உண்டு. இவற்றை யாரும் தீவிரவாதம் என்று சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் பயத்தைக் காட்டிப் பணியப் பழக்கிய பிள்ளையைப் பிறகு வருகிற எவரும் இலகுவாகத் திருப்பலாம். கேள்வி கேட்கும் பழக்கம் இந்த வயதில்தான் அறுக்கப்படுகிறது.

9இலிருந்து 12 வரை பிள்ளைக்கு நியாயம் அநியாயம் பெரிய விஷயம். இங்கேதான் வரலாறு பாதியாகக் கொடுக்கப்படுகிறது. எங்கள் மாவட்டங்களில் அதற்கு வேண்டிய மூலப்பொருள் 1990ஆம் ஆண்டு. ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஓகஸ்ட் 12 வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் சம்பந்தப்பட்டிருந்தார்கள். செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டானில் தமிழ்ப் பொதுமக்கள் இராணுவத்தால் கொல்லப்பட்டார்கள். ஒரு பிள்ளைக்குக் காத்தான்குடி மட்டும் சொல்லப்படுகிறது, இன்னொரு பிள்ளைக்கு வீரமுனை மட்டும். இரண்டும் உண்மை என்பதால் பிள்ளை சொல்பவரை முழுதாக நம்பும். பொய்யைவிடப் பாதி உண்மை ஆபத்தாவது இதனால்தான்: பிள்ளை போய் விசாரித்தாலும் சம்பவம் நடந்தது உறுதியாகும், மற்றப் பாதி யார் வாயிலிருந்தும் வராது. உங்கள் பிள்ளைக்கு 1990ஐச் சொல்வதென்றால் மூன்று ஊர்ப் பெயரையும் ஒரே இருப்பில் சொல்லுங்கள். படமும் வீடியோவும் காட்டாமல் சொல்லுங்கள். செய்தது ஆயுதம் வைத்திருந்தவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை அப்போது பிறக்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

12இலிருந்து 16 வரை பிள்ளைக்கு வேண்டியது ஓர் இடம். வீட்டில் திட்டு, பள்ளிக்கூடத்தில் மார்க்ஸ் குறைவு, விளையாட்டில் சேர்த்துக்கொள்வதில்லை என்றிருக்கும் பிள்ளையிடம் ஒருவர் வந்து "உனக்கு ஒரு வேலை இருக்கு" என்றால் போதும். ஆளெடுக்கிறவர் கொள்கையோடு வருவதில்லை. இலவச வகுப்பு, கொத்து ரொட்டி, மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று, போனுக்கு ரீலோட். அடுத்து சிறு பொறுப்பு: பாய் விரிப்பது, நோட்டீஸ் ஒட்டுவது, வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் ஆவது. அதற்கும் அடுத்துத்தான் தனியான குழு, தனியான வீடியோ. சிரியாவும் காஸாவும் ஒருவருக்கு, இந்தியாவில் எங்கோ நடந்த ஒன்று மற்றவருக்கு. இரத்தம் தெரியும் காட்சிகளாகத் தேர்ந்தெடுத்து வரும். அதன் பிறகு "இதை வீட்டில சொல்ல வேணாம், அவங்களுக்கு விளங்காது" என்ற வசனம். இந்த வசனம் எந்த வகுப்பில் வந்தாலும் அந்த வகுப்பு அன்றோடு பிள்ளைக்கு வேண்டாம். மார்க்கத்திலோ சைவத்திலோ வேதத்திலோ ஒரு தாய்க்கு மறைத்துச் சொல்ல வேண்டிய பாடம் ஒன்றுமில்லை.

சொற்களில் ஒரு மாற்றம் தெரியும், அதைப் பிடிக்கக் காது வேண்டும். பக்கத்து வீட்டுப் பொங்கலை ஒரு பிள்ளை "இல்ல மாமி, நாங்க படைச்சது சாப்பிடுறல்ல" என்று மறுத்தால் அது அவர்களின் ஒழுங்கு, அதில் குற்றமில்லை. அதே பிள்ளை முகத்தைச் சுளித்து "அது நஜீஸ்" (அசுத்தம்) என்றால் யாரோ அருவருப்பைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். முஸ்லிம்களின் கந்தூரிச் சோற்றைப் பற்றி "அதுக்குள்ள என்னமும் ஓதி வச்சிருப்பாங்க" என்று சொல்லும் தமிழ்ப் பிள்ளையும் அப்படித்தான். அருவருப்பு வந்துவிட்டால் அதற்குப் பிறகு வாதம் ஏறாது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறியில் இருந்த மாக்கட்டியை மலட்டு மருந்து என்று சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். மாதிரியைச் சோதித்து அது வெறும் மா என்று அரச பகுப்பாய்வாளர் சொன்ன பிறகும் நம்பியவர்கள் நம்பிக்கொண்டேதான் இருந்தார்கள்.

சரி, பெற்றோர் என்ன பார்க்க வேண்டும்? குர்ஆன் மத்ரஸாவோ இந்து அறநெறிப் பாடசாலையோ கிறிஸ்தவ மறைக்கல்வியோ, நேரில் போங்கள், சொல்லாமல் போங்கள். வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும், வெளியில் நிற்கும் ஒருவருக்குப் பிள்ளைகள் தெரிய வேண்டும். தொடக்க, முடிவு நேரம் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். பின்னேரத் தொழுகையான அஸருக்கும் அந்தித் தொழுகையான மஃரிபுக்கும் இடையில் முடிய வேண்டிய ஓதல் இரவு ஒன்பது மணிக்குப் போகக் காரணம் இருக்கக் கூடாது. வரவுப் பதிவு இருக்க வேண்டும். படிப்பிப்பவரை அனுப்பியது யார், சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும்; "ஒரு நல்ல மனுசன் தாறார்" என்பது பதிலாகாது. புத்தகம் வீட்டுக்கு வர வேண்டும். வகுப்பில் மட்டும் வாசித்துத் திருப்பிக் கொடுக்கும் தாள், பென் டிரைவில் வரும் வீடியோ இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். படிப்பிப்பவர் பிள்ளையின் இலக்கத்துக்குத் தனியாக மெசேஜ் போடக் கூடாது. போடுவதென்றால் பெற்றோர் இருக்கும் குழுவில் போடட்டும். இந்த ஏற்பாடு பிள்ளையைத் துஷ்பிரயோகத்திலிருந்தும் காப்பாற்றும். தீவிரவாதத்துக்கும் துஷ்பிரயோகத்துக்கும் ஒளிவு மறைவுதான் ஒரே வாசல்.

வீட்டில் "இண்டைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்டுமில்ல" என்று வரும். "இண்டைக்கு யாரு கேள்வி கேட்ட? அதுக்கு அவர் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். கேள்வி கேட்ட பிள்ளைக்கு ஏச்சு விழுந்ததா, பதில் கிடைத்ததா, "ஈமான் (இறைநம்பிக்கை) குறைஞ்சவன்தான் இப்பிடிக் கேப்பான்" என்று வாயடைக்கப்பட்டதா என்பதிலேயே வகுப்பின் தரம் தெரிந்துவிடும்.

சந்தேகம் உறுதியானால் பெரும்பாலான தகப்பன்மார் முதலில் செய்வது அடிப்பது, போனைப் பறிப்பது. இதுதான் அதிகம் பிழை விடுகிற இடம். "உன்ர வீட்டாக்களே உன்னை எதிர்ப்பாங்க, அது வந்தா நீ சரியான வழியில போறாய் எண்டு அர்த்தம்" என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். நீங்கள் கை வைத்த நிமிடம் அவர்கள் சொன்னது பலித்துவிடுகிறது. சமய வாதத்துக்கும் இறங்க வேண்டாம். வசனம் வசனமாகப் பதில் சொல்லப் பிள்ளையைத் தயார் செய்திருப்பார்கள், நீங்கள் தோற்பீர்கள். முதலில் அந்தக் குழுவுக்கு வெளியே பிள்ளைக்கு இருந்த உறவுகளைத் திரும்பக் கட்டுங்கள். விட்டுப்போன கிரிக்கெட், பேச்சு நின்றுபோன மச்சான், விடுமுறைக்குப் போகிற மாமி வீடு. பிறகு, அதே சமயத்தில் நல்ல அறிவுள்ள, பிள்ளை மதிக்கிற ஒருவரைக் கூட்டி வாருங்கள். அவர் மௌலவியாகவோ குருக்களாகவோ போதகராகவோ இருக்கட்டும், ஆனால் பிள்ளை பேசி முடிக்கும் வரை கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மாதங்கள் எடுக்கும். இடையில் பின்னுக்குப் போகும். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, கைகழுவல் நிற்காமல் போனால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் காட்டுங்கள், பைத்தியம் என்று ஊர் சொல்லும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

சத்தியப் பிரமாணம், ஆயுதம், சாவைப் பற்றிய ஆசைப் பேச்சு, திடீரென்று சொந்தப் பொருட்களைப் பங்கிட்டுக் கொடுப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. 1929 சிறுவர் உதவி இலக்கம் எந்நேரமும் வேலை செய்யும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார். முஸ்லிம் பெற்றோர் ஏன் தயங்குகிறார்கள் என்பதையும் அதிகாரிகள் ஒத்துக்கொள்ள வேண்டும். 2019 மே மாதத்தில் சட்டையில் இருந்த கப்பல் சக்கரப் படத்தைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி ஒரு பெண்ணைப் பிடித்து அடைத்த நாடு இது. 2021 மார்ச்சில், விசாரணை இல்லாமலே இரண்டு வருடம் வரை "புனர்வாழ்வு" என்று வைத்திருக்க வழி செய்யும் ஒழுங்குவிதிகள் வந்தன. உயர் நீதிமன்றம் அவற்றை இடைநிறுத்த வேண்டியிருந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குள் போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு தாய் வாயைத் திறக்காவிட்டால் பிழை அவளுடையதில்லை. பிள்ளை விஷயத்தில் முதலில் வர வேண்டியவர் சிறுவர் உத்தியோகத்தர். பொலிஸ் ஜீப் வாசலில் நின்ற வீட்டுப் பிள்ளைக்கு ஊரில் அதற்குப் பிறகு சிநேகிதரே இருக்க மாட்டார்கள், அந்தத் தனிமையைத்தான் ஆளெடுக்கிறவர் எதிர்பார்த்திருப்பார்.

தங்கிப் படிக்கும் இடங்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். அறபுக் கல்லூரி விடுதி, சிறுவர் இல்லம், பௌத்த பிரிவெனா, எதுவானாலும் பிள்ளை 16 வயது வரை கட்டாயக் கல்வியை இழக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். 2016இலிருந்து சட்டம் அப்படி. இங்குள்ள சிறுவர் இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமையால் விடப்பட்டவர்கள். சோறும் படுக்கையும் தருகிற இடம் அதற்கு விலையாகப் பிள்ளையின் சமயத்தைக் கேட்டால் அந்தப் பிள்ளையால் மறுக்க முடியாது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் இலங்கை 1991இலேயே சேர்ந்துவிட்டது. பிள்ளையின் மனச்சாட்சிச் சுதந்திரமும் அதில் வழிகாட்டும் பெற்றோரின் உரிமையும் 14ஆம் உறுப்புரையில் சேர்ந்தே இருக்கின்றன. விடுதியில் விடுகிற பெற்றோர் கிழமைக்கு ஒரு தடவையாவது பிள்ளையோடு தனியாக, பொறுப்பாளர் பக்கத்தில் நிற்காமல், போனில் பேசும் உரிமையை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். சந்திக்கும் நாளில் பிள்ளையை வெளியே கூட்டிப்போய்ச் சாப்பிட விடுவார்களா என்றும் கேளுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் திருச்சபைக் குழுக்களும் அடுத்த கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் போட வேண்டும்: திறந்த கதவு, ஒட்டிய நேரசூசி, வீட்டுக்கு வரும் புத்தகம், பெற்றோர் இல்லாத குழுவில் மெசேஜ் இல்லை. தீர்மானமாக எழுதி, கையெழுத்து வைத்து, ஒரு பிரதியை வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள்.