சந்திரமுகி ஏன் தெலுங்கு பேசினாள்?

வேற்றுமொழிக் கதையை வாங்கித் தமிழில் எடுத்தால் ‘சொந்தச் சரக்கு இல்லாதவர்கள்’ என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில் நிறைய. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நல்ல கதை எந்த ஊர் வழியாக வந்தாலும் வரட்டும். வந்த இடத்தில் வேர் பிடிக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

1993இல் வந்த மலையாளப் படம் ‘மணிச்சித்திரத்தாழ்’. அதில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கேரளத்துக்குக் கொண்டுபோகப்பட்ட நாட்டியக்காரி. சுற்றிலும் மலையாளம் பேசுகிறார்கள். அவள் ஆவேசம் தமிழில் வெடிக்கிறது. பயமும் பரிதாபமும் பிறப்பது அந்த இடத்தில்தான். 2005இல் பி. வாசு அந்தக் கதையைத் தமிழில் ‘சந்திரமுகி’யாக எடுத்தபோது அந்த நாட்டியக்காரியைத் தமிழ் பேசவிட்டிருந்தால் அவள் அந்த அரண்மனையில் அந்நியப் பெண்ணாகத் தெரிந்திருக்க மாட்டாள். அதனால் தெலுங்கு பேசினாள். 2007இல் இந்திக்குப் போனபோது வங்காளியானாள். மொழி மாறமாறப் படத்தின் உயிர் மட்டும் அப்படியே நின்றது. மியான்மரின் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், பிறந்து வளர்ந்த எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. சந்தையில் மணி மணியாகப் பர்மிய மொழியில் பேரம் பேசும் எங்கள் பாட்டிமார், கோபம் தலைக்கேறினால் ஒரே தாவலில் தமிழுக்கு வந்துவிடுவார்கள். அந்தத் தாவலை வீட்டில் பார்த்தவர்களுக்கு நாகவல்லி யாரென்று தெரியும்.

‘பாபநாசம்’ (2015) இன்னொரு நல்ல உதாரணம். மலையாள மூலத்தை எடுத்த ஜீத்து ஜோசப்பே தமிழிலும் இயக்கினார். ஆனாலும் கிறிஸ்தவ மலைநாட்டுக் குடும்பத்தை அப்படியே தூக்கிவராமல், ஜெயமோகனின் வசனத்தோடு திருநெல்வேலி மண்ணில் இறக்கி வைத்தார்.

இந்தக் கவனம் தொலைக்காட்சித் தொடர்களில் எங்கே போனது? ‘பாக்கியலட்சுமி’யின் மூலம் 2019இல் தொடங்கிய வங்காளத் தொடர். அது 2021இல் முடிந்துவிட்டது. தமிழில் 2020இல் தொடங்கியது 2025 வரை ஓடியது. ஆரம்ப மாதங்களில் நான் அந்தத் தொடரை மிகவும் மதித்தேன். படிப்புக் குறைவு என்று வீட்டாரே இளக்காரமாகப் பார்க்கும் ஒரு பெண், தன் சமையலை நம்பிச் சொந்தத் தொழில் தொடங்குகிறாள். என் அம்மா கண்கொட்டாமல் பார்த்த காட்சிகள் அவை. மின்சாரம் இருக்கும் நேரத்தில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு, இருட்டில் அந்தச் சின்னத் திரையில் பார்ப்பார். பக்கத்து வீட்டுப் பர்மிய அக்காவும் வந்து உட்கார்ந்துகொள்வார். அம்மா வரிக்கு வரி பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டே வருவார். பாக்கியாவின் கணவர் கோபி, ராதிகாவை மணந்த பிறகும் அதே வீட்டுக்குத் திரும்பி வந்து குடியேறினாரே, அன்று அந்த அக்கா கேட்டார்: “வேறு கல்யாணம் ஆனவருக்கு இந்த வீட்டில் இன்னும் என்ன வேலை?” அம்மாவிடம் பதில் இல்லை. எழுதியவர்களிடமும் இருந்திருக்காது. கதை தீர்ந்துவிட்டது, ஒளிபரப்பு நேரம் தீரவில்லை, நடந்தது அவ்வளவுதான். பாக்கியாவின் தன்மானத்துக்காக அழுதவர்களை இப்படி நடத்தியதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

இங்கே பர்மியத் தொலைக்காட்சியில் ஓடும் கொரியத் தொடர்கள் பெரும்பாலும் பதினாறு, இருபது பகுதிகளில் முடிகின்றன. அழ வேண்டியதை அழுது, ஒரு மாதத்தில் எழுந்து போகிறோம். எல்லாத் தமிழ்த் தொடரும் அப்படிச் சுருங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘மெட்டி ஒலி’ நீளமானதுதான். ஆனால் ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவுக்குக் கவலையும் அவ்வளவு நீளம். எங்கே முடிப்பது என்று தெரிந்துகொண்டு தொடங்கினால் போதும்.

மறு ஆக்கம் செய்ய விரும்புகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. 1952இல் ‘பராசக்தி’ ரங்கூன் தமிழ்க் குடும்பத்தோடு தொடங்கியது. யுத்தம் வந்தது, பிள்ளைகள் தமிழகம் திரும்பினார்கள், கதையும் அவர்களோடு போய்விட்டது. அதற்குப் பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர்களின் வாழ்க்கையைத் தமிழ்த் திரை கண்டுகொள்ளவே இல்லை என்பது என் ஆதங்கம். அண்ணன் தம்பி நால்வரின் மளிகைக்கடையை வைத்து எடுத்த ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, வங்காளம், மராத்தி என்று சுற்றிவந்தது. அதே கடையை 1964இன் ரங்கூனில், மொகல் தெருவில் திறந்து பாருங்கள். மார்ச்சில் கடைகள் அரசுடைமையாகின்றன. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போகின்றன. நான்கு சகோதரர்களில் யார் கப்பலேறுவது, யார் இங்கேயே இருப்பது, அம்மா யாரோடு போவது? வில்லி தேவையில்லை, விஷம் கலந்த பாலும் தேவையில்லை. நூறு பகுதிகளில் சொல்லி முடித்துவிடலாம்.