டிக்கெட் பணத்தைக் கட்டிவிட்டால் இன்சூரன்ஸ் ஏறாதா?

கலிபோர்னியாவில் கார் ஓட்டும் நம்மவர்களிடையே ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "சின்ன ஸ்பீடிங் டிக்கெட்டா, உடனே பணத்தைக் கட்டிவிடுங்கள், இன்சூரன்ஸுக்குத் தெரியவே தெரியாது." தவறு. எதுவும் சொல்லாமல் பணம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். சாதாரண ஸ்பீடிங்குக்கு ஒரு பாயிண்ட், அதாவது டிரைவர் மேல் விழும் ஒரு கரும்புள்ளி; அது டிஎம்வி (லைசென்ஸ் கொடுக்கும் மாநில அலுவலகம்) ரெக்கார்டில் 3 வருஷம் இருக்கும், பாலிசி புதுப்பிக்கும்போது கம்பெனி அதைத்தான் எடுத்துப் பார்க்கும். (பார்க்கிங் டிக்கெட்டுக்குப் பாயிண்ட் கிடையாது, அதைப் போட்டு இதோடு குழப்ப வேண்டாம்.)

அதற்காக ஒரு பாயிண்டிலேயே எல்லாம் போய்விட்டது என்று பதறவும் வேண்டாம். இங்கே சட்டப்படி நல்ல டிரைவருக்குக் குறைந்தது 20% தள்ளுபடி உண்டு, 3 வருஷத்தில் ஒரு பாயிண்ட் வரை அது நிற்கும், இரண்டாவது வந்தால்தான் கைவிட்டுப் போகும்.

டிராஃபிக் ஸ்கூலுக்குத் தகுதி இருந்தால், 18 மாதத்துக்கு ஒரு முறை, அபராதத்தோடு கோர்ட் கட்டணமும் கட்டிப் படித்து முடித்தால் அந்தப் பாயிண்ட் இன்சூரன்ஸ் கண்ணில் படாது. தப்பே செய்யவில்லை என்றால் லீவு போட்டுக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுகூட இல்லை, டிஆர்-205 படிவத்தில் நடந்ததை எழுதி, அபராதத் தொகையை முன்பணமாகக் கட்டி அனுப்பலாம். ஜெயித்தால் பணம் திரும்பி வரும், தோற்றாலும் 20 நாளுக்குள் நேரடி விசாரணை கேட்கலாம்.

அப்புறம், போலீஸ்காரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டாலே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதும் கதைதான். அது 'ஆஜராவேன்' என்ற உறுதிமொழி மட்டுமே.