திருவாடானைக்காரர்கள் ஒரு முதுபெரும் உறுப்பினருக்குச் செய்ய வேண்டிய மரியாதை

1989, 1991, 1996, 2001, 2006. இந்த ஐந்து சட்டமன்றத் தேர்தலிலும் ராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானையில் தொடர்ந்து வென்றவர் கே.ஆர்.ராமசாமி. இருபத்திரண்டு வருஷம் ஒரே தொகுதி. அப்புறம் 2016ல் காரைக்குடியில் வென்று காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவராகவும் இருந்தார். நம் மாவட்டத்துக் கடற்கரையில் இத்தனை காலம் மக்கள் நம்பிக்கையைத் தக்கவைத்த சட்டமன்ற உறுப்பினரை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவருக்கு ஊர் செய்யும் மரியாதை என்பது ஃபிளெக்ஸும் பொன்னாடையுமாக முடிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எந்தக் கட்சியிலும் இல்லை.

"கூட்டணி அலையில் ஜெயித்தவர்தானே" என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. 1991ல் அ.தி.மு.க.வோடு காங்கிரஸ், 1996ல் தி.மு.க.வோடு த.மா.கா. (காங்கிரசிலிருந்து பிரிந்து மூப்பனார் தொடங்கிய தமிழ் மாநில காங்கிரஸ்), 2001ல் மறுபடி அ.தி.மு.க. பக்கம், 2006ல் தி.மு.க. பக்கம். நாலு தடவையும் ஜெயிக்கிற கூட்டணியில்தான் இருந்தார். ஆனால் 1989ஐ அப்படித் தள்ளிவிட முடியாது. மூப்பனார் தலைமையில் காங்கிரஸ் தனியாக நின்று தமிழகம் முழுவதிலும் 26 இடங்களில் மட்டும் வென்ற தேர்தல் அது. அந்த 26ல் ஒன்று திருவாடானை. அ.தி.மு.க. இரண்டாக உடைந்து நான்குமுனைப் போட்டியாக இருந்ததும் உதவியிருக்கும், சரி. அதற்குப் பிறகு கூட்டணிகள் தலைகீழாக மாறிக்கொண்டே இருந்தும் இந்தத் தொகுதி ஆளை மாற்றவில்லையே, அதை அலை என்று மட்டும் சொன்னால் வாக்களித்த மக்களுக்குச் செய்யும் அவமரியாதை.

வாரிசு அரசியல் என்ற பேச்சும் உண்டு. அப்பா கரியமாணிக்கம் அம்பலம் இதே தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். மகன் கருமாணிக்கம் 2021ல் இங்கேயே வென்றார். மூன்று தலைமுறை. அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவருடைய உழைப்பை எடை போடும்போது குடும்பப் பெயரைத் தராசில் வைக்காமல் அவர் செய்த வேலையை வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த வேலை எது என்பதில்தான் நாம் எல்லோரும் குழம்புகிறோம். அவர் அவையில் இருந்த காலம் முழுக்கக் காங்கிரசோ த.மா.கா.வோ தமிழக அமைச்சரவையில் இல்லை. ஆகவே ஒருநாள் கூட அமைச்சராக இருந்ததில்லை. கோப்பில் கையெழுத்துப் போட்டு ஒரு திட்டத்தைக் கொண்டுவரும் அதிகாரம் அவரிடம் இருந்ததே இல்லை. அப்படிப்பட்ட உறுப்பினருக்குக் கையில் இருப்பது கேட்கும் உரிமை ஒன்றுதான். கேள்வி நேரத்தில் கேட்கலாம், கவன ஈர்ப்பு கொண்டுவரலாம், துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுந்து பேசலாம், ஆளும் தரப்பாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமைச்சரின் அறைக்குப் போய் மனு கொடுக்கலாம்.

நம் தொகுதியைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேட்பின் அருமை தெரியும். ஒரு பக்கம் தொண்டி, நம்புதாளை, சோலியக்குடி, மோர்ப்பண்ணை என்று பாக் நீரிணைக் கரை. இன்னொரு பக்கம் வானம் பார்த்த நெல்வயல், முண்டு மிளகாய்க் காடு. நடுவில் நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பெயரெடுத்த ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய். கடலுக்குப் போகிறவர் கவலை வேறு, கண்மாயை நம்பியிருப்பவர் கவலை வேறு. ஒரே ஆள் இரண்டையும் சுமந்துகொண்டு சென்னைக்குப் போக வேண்டும்.

மீனவர் பிரச்சினை என்றாலே இலங்கைக் கடற்படை, கச்சத்தீவு, டெல்லி என்று பேச்சு ஓடிவிடுகிறது. அவை பெரிய வேதனைகள்தான். ஆனால் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்ற விதி தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் வருவது. அந்தச் சட்டம் 1983ல் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நாட்டுப்படகுக்காரரின் வலையை விசைப்படகு இழுத்து அறுத்துவிட்டால் நியாயம் கேட்க வேண்டிய இடம் கோட்டைதான், டெல்லி இல்லை. கரையோரத் தொகுதியின் உறுப்பினர் அவையில் என்ன பேசினார் என்பது எங்களுக்கு முக்கியமாவது இதனால்தான்.

குடிநீரையும் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீரோடு வாழ்ந்த இந்த மாவட்டத்துக்கு 616 கோடி ரூபாய் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது 2006க்கும் 2011க்கும் இடையிலான ஆட்சியில். அதை ஒரே ஒருவரின் சாதனை என்று எழுதினால் பொய். பல கட்சிக்காரர்கள் பல காலம் கேட்டுக் கேட்டு வந்த தண்ணீர் அது. ஆனால் யார் யார், எந்த வருஷம், என்ன கேட்டார்கள் என்று நம்மில் யாருக்காவது தெரியுமா? பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு பக்கமாவது இருக்கிறதா? திறப்பு விழாக் கல்வெட்டில் அமைச்சர் பெயர் இருக்கும். விடாமல் கேட்டவர்களைப் பற்றி அவைக்குறிப்பில்தான் இருக்கும்.

அதனால் என் கோரிக்கை இது. கே.ஆர்.ராமசாமி அவர்கள் 1989 முதல் அவையில் எழுப்பிய கேள்விகளையும் ஆற்றிய உரைகளையும் அவை நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து எடுத்துத் தொகுத்து ஒரு புத்தகமாக்க வேண்டும். புகழுரை ஒரு வரி கூட வேண்டாம். அமைச்சர் சொன்ன பதிலும் பக்கத்திலேயே இருக்கட்டும். நடந்தது எது, நடக்காமல் போனது எது என்று படிப்பவர் தெரிந்துகொள்ளட்டும். அவர் கேட்கத் தவறியது ஏதாவது இருந்தால் அதுவும் தெரிய வரும், வரட்டும். இத்தனை வருஷம் மக்கள் முன் நின்றவர் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

கட்சிக்காரர்கள் இதைச் செய்தால் நல்லது, ஆனால் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். சென்னையில் படிக்கிற, வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது பேரவை நூலகத்தில் முறைப்படி அனுமதி கேட்டுப் பார்க்க முடியுமா? தட்டச்சு செய்யவும் மெய்ப்புப் பார்க்கவும் இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அச்சுச் செலவுக்கு என் பங்கை முதலில் வைக்கிறேன். முதல் பிரதிகள் தொண்டி, திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் நூலகங்களுக்குப் போக வேண்டும். வருகிறவர்கள் பின்னூட்டத்தில் பெயரைச் சொல்லுங்கள், வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்.