1,17,400 டாலர் வறுமைக் கோடு அல்ல
சான் பிரான்சிஸ்கோவில் 4 பேர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 1,17,400 டாலர் சம்பாதித்தாலும் வறுமைக் கோட்டுக்குக் கீழேதான் என்று மேலே சிலர் பகிர்ந்திருக்கிறீர்கள். தொகை உண்மையானதுதான். அதற்குச் சூட்டிய பெயர்தான் தவறு.

அது 2018-இல் அமெரிக்க வீட்டுவசதித் துறை சான் பிரான்சிஸ்கோ, சான் மேட்டியோ, மரீன் ஆகிய 3 மாவட்டங்களுக்கு அறிவித்த 'குறைந்த வருமான' வரம்பு. வாடகை உதவி, மலிவு வீடு போன்ற திட்டங்களில் யார் விண்ணப்பிக்கலாம் என்று பார்ப்பதற்கானது. அந்தப் பகுதியின் நடு வருமானத்தை வைத்துக் கணக்கிடுவார்கள், வீட்டுச் செலவு மிக அதிகமான இடங்களில் இன்னும் உயர்த்துவார்கள். அதனால்தான் அவ்வளவு பெரிய எண். வறுமைக் கோட்டை நிர்ணயிப்பது சுகாதாரத் துறை. அதே ஆண்டு 4 பேருக்கு அது 25,100 டாலர். அலாஸ்கா, ஹவாய் தவிர நாடு முழுக்க ஒரே தொகை.

அந்த ஊர் வாடகைக்கு 1,17,400 தாராளம் என்று நான் சொல்லவில்லை, திணறல்தான். ஆனால் இரண்டையும் ஒன்றாக்கினால், நிஜமாகவே 25,000 டாலரில் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள்.

நீங்களே பார்க்கலாம். வீட்டுவசதித் துறையின் தளத்தில் 'இன்கம் லிமிட்ஸ்' பக்கத்துக்குப் போய் ஆண்டு 2018 என்று வைத்து, மாநிலம், மாவட்டம் தேர்ந்தெடுங்கள். அட்டவணையில் 4 பேருக்கான கட்டத்தில் 44,000, 73,300, 1,17,400 என்று மூன்று வரம்புகள் இருக்கும். மூன்றாவதன் பக்கத்தில் 'குறைந்த வருமானம்' என்றுதான் போட்டிருக்கும்.