டி.ஓ. படித்தவரும் முழு மருத்துவர்தான்

டி.ஓ. என்பது அமெரிக்காவின் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். "அமெரிக்காவில் டி.ஓ. படித்தால் எலும்பை நீவிவிடலாம், அவ்வளவுதான், மருந்து எழுதவோ ஆபரேஷன் செய்யவோ முடியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 50 மாநிலங்களிலும் டி.ஓ.வுக்கு, அங்கே வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி.க்கு உள்ள அதே முழு உரிமம் உண்டு. அறுவைச் சிகிச்சையும் அதில் அடக்கம்.

பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்றால் கையால் சிகிச்சை தருபவர், மருத்துவர் அல்ல. அதோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொண்டார் போலும். மருந்துகளில் நம்பிக்கையில்லாத ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் மிசௌரியில் தொடங்கிய பள்ளிதான் டி.ஓ. படிப்புக்கு மூலம். ஆனால் பாடத்திட்டம் எப்போதோ மாறிவிட்டது. இன்று மற்ற மருத்துவப் பாடங்களோடு கை சிகிச்சைக்கென்று சுமார் 200 மணி நேரம் கூடுதல். 1962-இல் கலிஃபோர்னியாவில் 65 டாலர் கட்டிய டி.ஓ.க்களுக்கு எம்.டி. பட்டமே கொடுத்தார்கள் என்பது தனி வேடிக்கை!

ரெசிடென்சியும் (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) தனித்தனி இல்லை. 2020 முதல் இரு தரப்புக்கும் ஒரே அங்கீகார அமைப்பு.

சரி, வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. நரம்பியல் அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற கடும் போட்டியுள்ள துறைகளில் எம்.டி. மாணவர்களுக்கே இடம் எளிதாகக் கிடைக்கிறது. அதனால் டி.ஓ. மாணவர்கள் பலர் தங்கள் உரிமத் தேர்வான காம்லெக்ஸோடு எம்.டி.க்காரர்களின் உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யும் எழுதுகிறார்கள், இரட்டைச் செலவு, இரட்டைப் படிப்பு. அப்புறம், பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மூன்றாம், நான்காம் ஆண்டுப் பயிற்சி எந்த ஊரில் என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.